உபரிச் சக்கரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் வெயில். மூன்று மணிக்கு மேல் மூடாக்கு, மழை இல்லை. அண்ணனின் லாரி ஆபீசில் அத்தனை வருஷம் உட்கார்ந்து எழுதியதில் வானிலை போடாமல் எனக்குப் பேனா நகராது.

இவர் கடையிலிருந்து வரும்போது கை நிறையக் கார் விளம்பரத் தாள்களோடு வந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனிதர். நாள் முழுக்க வருகிறவர்களிடம் இது தெளிவா அது தெளிவா என்று கேட்பதுதான் தொழில். தனக்கென்று வந்தால் ஒரு துண்டு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவார். இந்தக் கார் விஷயத்தில் மட்டும் என்ன ஆயிற்றோ, ஒரே நாளில் முடிவு செய்துவிட்டார். பஞ்சர் ஆனாலும் ஓடுகிற டயர் போட்ட வண்டிதானாம். ரன்-ஃப்ளாட் என்று பெயர். காற்று முழுக்கப் போனாலும் டயரின் பக்கச் சுவர் கெட்டியாக நின்று, அடுத்த ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால் டிக்கியில் வேறு சக்கரமே கிடையாது.

"ஸ்டெப்னி இல்லாமயாங்க?" என்றேன்.

சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் இலையைப் பார்த்தபடி, "உபரிச் சக்கரத்துக்கு அவசியமே இல்லை" என்றார்.

உபரிச் சக்கரமாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில்கூட இப்படி ஒரு சொல்லை நான் பார்த்ததில்லை. சங்ககிரியில் டயர் வாசத்திலேயே வளர்ந்தவளிடம் வந்து உபரிச் சக்கரம் என்கிறார். ஸ்டெப்னி என்று சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா?

காருக்கு என்ன அவசரம் என்பதையும் எழுதிவிடுகிறேன். இவர் மகள் தாரணி மைசூரில் இருக்கிறாள். செப்டம்பர் நாலாம் தேதி அங்கே அவளுக்கு வளைகாப்பு. மறுநாள் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். பிறந்த வீடு எது என்பதில்தான் சிக்கல். அவள் அம்மா வளர்மதி போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் இந்த வீட்டுக்கு வந்தது போன தையில். கோபியில் இருக்கும் அவள் அத்தை ருக்குமணி, "எங்கூட்டுக்கே வரட்டும், அங்க பாத்துக்க யாரு இருக்கா" என்று சொல்லிவிட்டார்களாம். தாரணி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னோடு போனில் பேசும்போது அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அப்பா இருக்காங்களா" என்பாள், அவ்வளவுதான். மரியாதைக்குக் குறைவில்லை. வாயில் வரவில்லை, என்ன செய்வது.

அவள் இங்கே ஈரோட்டுக்கு வரவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மேற்கு அறையை ஒட்டடை அடித்துக் கழுவிவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

லேசான தூறல். வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனோம். ஷோரூமில் ரெஜினா என்ற பெண், நல்ல சுறுசுறுப்பு, என்னையும் ஏறச் சொன்னாள். வண்டி அழகு. இருக்கை மெத்து. எல்லாம் சரி, ரயில்வே கேட்டைத் தாண்டும்போது முதுகுத் தண்டில் யாரோ கட்டையால் தட்டியது போல இருந்தது. இறங்கி டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ரொம்ப விறைப்பு. பஞ்சரானாலும் நிற்கவேண்டும் என்றால் அந்த விறைப்பு இருந்துதானே ஆகவேண்டும்.

வீட்டுக்கு வந்து பேச்சை ஆரம்பித்தேன். திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு வளைவு. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியை அந்த வண்டியில் கொண்டு வந்தால் இடுப்பு என்ன ஆகும் என்றேன். இவர், நடுக் காட்டில் பஞ்சர் ஆனால் அவளை இறக்கி நிறுத்தி வைப்பாயா, யானை நடமாடுகிற இடம், போன்கூட எடுக்காது என்றார். நான் சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி. சரிக்குச் சரியாக நின்றதால் இரண்டு பேரும் தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம்.

ருக்குமணியின் வீட்டுக்காரர் தங்கவேலு வைத்திருப்பதும் இதே டயர் வண்டிதான். அவர் சொன்னதால் வாங்குகிறாரோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. தங்கவேலு பேரை எடுத்தாலே இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று முணுமுணுத்ததற்குக் கடைக்கு வரச் சொன்னார். போனேன். எனக்கு முன்னால் ஒரு ஸ்கூல் வாத்தியார். இவர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணாவதுல நல்லாத் தெரியுதுங்களா, ரெண்டாவதுலயாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு அப்புறம் நான் உட்கார்ந்தேன். என்னிடம் மட்டும், "இதுல தெரியுதா, அதுல தெரியுதா?" என்றார். இது எது, அது எது என்று குழம்பி நான் இரண்டு முறை தப்பாகச் சொன்னேன். எல்லோரிடமும் போல ஒண்ணு ரெண்டு என்று கேட்டால் என்ன என்றேன். குனிந்து விளக்கைச் சரி செய்தார்.

சாளேஸ்வரம் வந்துவிட்டது. கறுப்புச் சட்டம் வேண்டாம், பழுப்புதான் உனக்கு எடுப்பு என்று அவரே தேர்ந்தெடுத்தார். அதில் மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன், நன்றாகத்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் அரிசிம்பருப்புச் சாதம், கத்தரிக்காய் வதக்கல்.

அண்ணனைத் தூது விட்டேன். எட்டு லாரி வைத்திருக்கிறவர் டயரைப் பற்றிச் சொன்னால் கேட்பார் என்று ஒரு நம்பிக்கை. அண்ணன் மத்தியானம் திரும்ப என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"ஏம்மா கலாமணி, ஸ்டெப்னி இல்லாத வண்டி நமக்கு ஒத்து வருமா மாப்ளேன்னுதான் கேட்டேன். அந்தப் பேச்ச எங்கூட்ல பேசாதீங்க, அவ இருக்கறப்ப பேசவே பேசாதீங்கன்னு சொல்லீட்டு வெச்சுட்டாரு. நான் என்ன கெட்ட வார்த்தையா பேசீட்டேன்?"

எனக்கும் தெரியவில்லை அண்ணா என்றேன்.

தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அதற்கப்புறம் தேங்காய் துருவ உட்கார்ந்தவள் கையை வெட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. கடை மூடல். இவர் பரணில் ஏறிப் பழைய மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். நான் வளர்மதி படத்துக்குப் பூ மாற்றினேன். வெள்ளிக்கிழமை நான்தான் மாற்றுவேன். சிரித்த முகம். உயிரோடு இருந்து பழக்கமாகியிருந்தால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போயிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

எழுதிவிடுகிறேன். ஸ்டெப்னி என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று சக்கரம். இன்னொன்று, ஒருத்தி இல்லாத இடத்தில் வந்து நிற்கிற இன்னொருத்தி. ஆம்பளைகள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். தையில் சென்னிமலையில் தாலி கட்டி, கீழே மண்டபத்தில் சாப்பாடு. எனக்குப் பின் வரிசையில் தங்கவேலு யாரிடமோ சொன்னார், "நல்லசிவத்துக்கு ஸ்டெப்னி சிக்கிருச்சப்பா, இனி வண்டி ஓடும்." நாலு பேர் சிரித்தார்கள். நான் ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். அன்றைக்கு இதே டைரியில் என்ன எழுதியிருக்கிறேன் என்று இப்போது புரட்டிப் பார்த்தேன். 'வெயில். ரசம் நன்றாக இருந்தது' என்று இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

இவர் அப்போது எதிர் வரிசையில் குனிந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

விழுந்திருக்கிறது. எனக்கு விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, இனிமேலும் விழக்கூடாது என்று இந்த மனுஷர் தையிலிருந்து காவல் நிற்கிறார். உபரிச் சக்கரம், 'ரெண்டாவது' என்ற சொல் என் காதில் விழாமல் இது அது என்று கேட்டது, எல்லாம் அதற்குத்தான். அந்தச் சொல்லே வீட்டுக்குள் நுழையாமல் இருக்க ஒரு காரையே வாங்கப் பார்க்கிறார். பரணில் தும்மிக்கொண்டிருந்த ஆளை அண்ணாந்து பார்த்தேன். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இப்படி ஒரு மனுஷர் எனக்குக் கிடைப்பார் என்று நாற்பத்து நாலு வயதில் நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை இல்லை. அப்பா லாரியை எடுக்குமுன் முதலில் தட்டிப் பார்ப்பது ஸ்டெப்னியைத்தான். ஆயுத பூஜைக்கு ஓடுகிற சக்கரங்களுக்குப் பொட்டு வைத்த கையோடு அதற்கும் ஒரு பொட்டு உண்டு. அந்தச் சொல்லைத் தங்கவேலுவிடம் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஆடிக் கடைசி நாள். முன்பணம் கட்ட இவர் கிளம்பும்போது நானும் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். எதற்கு அலைச்சல் என்றார். சும்மா என்றேன்.

ரெஜினா தாளை நீட்டினாள். நான் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஏம்மா, இதே வண்டி சாதா டயர் போட்டு வருமில்ல? அதுக்கு ஸ்டெப்னி உண்டா?" என்றேன். இவர் தரையைப் பார்த்தார். உண்டு, ஆனால் ஒல்லியாக ஒரு சக்கரம் கொடுப்போம், மெதுவாக ஓட்டிப் பஞ்சர் கடைவரை போகலாம் என்றாள். நோஞ்சான் ஸ்டெப்னி எனக்கு வேண்டாம், மற்ற நாலும் எந்த அளவோ அதே அளவில் ஸ்டெப்னி வேண்டும் என்றேன். அதற்குத் தனியாகச் சொல்லிப் போடவேண்டும் என்றாள். சொல்லிப் போடு, ஸ்டெப்னி நல்லதாக இருந்தால்தான் வண்டி எடுக்கிறவனுக்குத் தைரியம் என்றேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல வாய்க்கு நன்றாக இருந்தது.

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் பரிசோதிக்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. அப்புறம் ரெஜினாவிடம், "அவங்க சொல்றபடியே போடும்மா" என்றார்.

ஏன் மனசு மாறினீர்கள் என்று நான் கேட்கவில்லை. வரும் வழியில் அவராக இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

மழை. ருக்குமணி போன் செய்து, கோபியில் தாரணிக்கு அறை தயார் என்றார்கள். சந்தோஷம் என்றேன். மேற்கு அறைக்கு வாங்கிய திரைச்சீலையை மடித்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சதுர்த்திக்கு மறுநாள். வண்டி வந்தது. வெண்முத்து நிறம். கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஐயர் கற்பூரம் காட்டி முடித்துத் தட்டை எடுக்கப் போனார். நான் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். ஐயருக்குப் புரியவில்லை. இவருக்குப் புரிந்தது. என் அப்பா வழக்கத்தை முன்பு எப்போதோ சொல்லியிருக்கிறேன் போல. தட்டிலிருந்து சந்தனத்தைத் தொட்டு, குனிந்து, அவரே பொட்டு வைத்தார். அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

வாயைத் திறந்து பேர் சொல்லவில்லை. போகட்டும், பொட்டு வைத்தாயிற்று.

செப்டம்பர் 2, செவ்வாய்

கட்டுச்சாதக் கூடைக்கு எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் எல்லாம் மைசூரில் செய்துகொள்ளலாம் என்று முடிவு. இனிப்பு மட்டும் இங்கிருந்து. வளையல் வாங்கிவிட்டேன், பச்சையும் சிவப்பும். தாரணியின் கை அளவு தெரியாமல் முழித்தேன். வளர்மதி படத்துக்குக் கீழே உள்ள டப்பாவில் வளர்மதியின் பழைய வளையல் ஒன்று கிடைத்தது. மகளுக்கும் அம்மா கைதான் இருக்கும் என்று அதைக் கொண்டுபோய் அளவு காட்டினேன்.

மத்தியானம் வண்டியின் ஜாக்கியை எடுத்துப் போட்டு, வீல் ஸ்பேனர் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தேன். ஸ்டெப்னிக்குக் காற்றும் பார்த்தாயிற்று. எதிர்வீட்டு அம்மா மொட்டைமாடியிலிருந்து பார்த்துவிட்டு, டிரைவர் வேலைக்குப் போகப்போகிறாயா என்றார். கூப்பிட்டால் போவேன் என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன். மைசூர்

குளிர். வளைகாப்பு நன்றாக நடந்தது. முதல் வளையல் ருக்குமணி போட்டார்கள். நான் ஆறாவதோ ஏழாவதோ. நான் வாங்கிய வளையல்தான் கைக்குச் சரியாக நழுவி உள்ளே போனது. "அளவு எப்படித் தெரியும்?" என்றாள் தாரணி. உங்கம்மா வளையல் இருந்தது கண்ணு என்றேன். அவள் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்குக் கோபிக்குத்தான் போகிறாள் என்று சபையில் ருக்குமணி சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள். எனக்கு வருத்தமாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், எங்கே இருந்தாலும் சுகமாகப் பெற்றெடுத்தால் சரி.

செப்டம்பர் 5, வெள்ளி

வீடு வந்து சேர்ந்தோம். நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் இரண்டு வண்டியும் வாசலில் நின்றன. தங்கவேலு தன் வண்டிக் கதவைத் திறந்துவிட்டு நின்றார். தாரணி, "மாமா, போன தடவை உங்க வண்டியில வந்தப்ப இடுப்பு புடிச்சுக்கிச்சு. கோபி வரைக்கும் அப்பா வண்டியில வர்றனுங்களே" என்றாள். சரி, மெதுவாக வாருங்கள் என்று அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். சாதா டயருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். தாரணி பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, சாமராஜநகர் தாண்டும்வரை தூங்கினாள். கை அசைந்தால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

ஆசனூர் கடந்து காட்டுக்குள் வந்தபோது வண்டி இடது பக்கம் இழுத்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஓரம் கட்டச் சொன்னேன். இறங்கிப் பார்த்தால் பின் டயர் சப்பளிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் காடு, சாலை ஓரத்தில் பச்சையாக யானைச் சாணம், போனில் ஒரு கோடுகூட இல்லை.

"அந்த டயரா இருந்தா நிக்காமப் போயிருக்கலாம்" என்றார் இவர். முகம் வெளுத்துவிட்டது. என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிஷம் அவர் சொன்னதுதான் சரி. என் வீம்புக்காக நிறைமாசத்தை நோக்கிப் போகிற பெண்ணை யானைக் காட்டில் நிறுத்தி வைத்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

ஜன்னலை இறக்கித் தாரணி எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஸ்டெப்னி இருக்கில்ல?"

இவர் என்னைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். "உபரிச் சக்கரம் இருக்கு சாமி" என்றார்.

"அதென்னப்பா உபரிச் சக்கரம்? ஸ்டெப்னி இருக்குதா இல்லையா?"

எனக்கு அடக்க முடியவில்லை. நடுக் காட்டில், யானைச் சாணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இருக்குது கண்ணு, புதுசு, காத்தெல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன் என்றேன். சிரித்ததில் கலக்கமும் கொஞ்சம் போயிற்று.

அந்த நேரம் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. சேலத்துப் பதிவு எண். டிரைவர் இறங்கி, நான் கழற்றித் தரட்டுமா என்றார். வேண்டாம், நீங்கள் அந்தப் பக்கம் காட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒரு கம்பியோடு போய் நின்றுகொண்டார். ஆள் உள்ளே இருக்க ஜாக்கி போடக்கூடாது. மைல்கல்லின் மேல் போர்வையை மடித்துப் போட்டுத் தாரணியை உட்கார வைத்தேன். டயருக்குக் கல் கொடுத்து, புடவையை இழுத்துச் செருகி, நட்டுகளைத் தளர்த்தினேன். இவர் பக்கத்தில் குந்தி, நான் கழற்றிக் கொடுத்த நட்டுகளைக் கைக்குட்டையில் வாங்கி வைத்துக்கொண்டார். கண்ணாடிச் சட்டத்தின் குட்டித் திருகாணிகளைக் கடையில் எப்படி வைப்பாரோ அப்படி.

சக்கரத்தைத் தூக்கி மாட்டும்போது மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு மண்டபத்துல தங்கவேலு சொன்னது… உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுதுங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவர் ஒரு நட்டை எடுத்து என் கையில் வைத்தார். "உன்னை ஸ்டெப்னின்னு ஒருத்தன் சொல்லி நான் பாயசத்தக் குடிச்சிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சு ஒரு வார்த்த கேக்கல. அது எனக்கு ஆறவே இல்ல கலா."

அவர் கண் கலங்கி நான் பார்த்தது இன்றைக்குத்தான். அவரைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, எனக்குத் தோன்றியதைத்தான் சொன்னேன்.

"மாட்டற வரைக்குந்தாங்க இது ஸ்டெப்னி. மாட்டி நட்ட முடுக்கீட்டா இதும் சக்கரந்தான். என்னைய மாட்டி முடுக்கி ரொம்ப நாளாச்சு. அடுத்த நட்டக் குடுங்க."

எங்களுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றிருந்தது. எப்போதிலிருந்து நின்றிருந்தது என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, மிச்ச நட்டுகளை முடுக்கினேன். ஜாக்கியை இறக்கிவிட்டு எழுந்தபோது தாரணி தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். என் கருத்த கைகளை நீட்டச் சொல்லி அவளே தண்ணீர் ஊற்றிவிட்டாள்.

யானை வரவில்லை. லாரிக்காரருக்கு இனிப்பு டப்பா ஒன்றைக் கொடுத்தோம். திம்பத்து வளைவுகளில் வண்டி தாலாட்டுகிற மாதிரி இறங்கியது. பண்ணாரியில் இறங்கிக் கும்பிட்டோம். சத்தியமங்கலம் தாண்டியதும் நான் அவள் மருந்துப் பையைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், கோபியில் மறக்காமல் கொடுக்க.

கோபியில் ருக்குமணி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார்கள். தங்கவேலு வந்து பின் கதவைத் திறந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்றார். பஞ்சர் என்றார் இவர்.

தாரணி இறங்கவில்லை. "நான் ஈரோட்டுக்கே போறனுங் மாமா" என்றாள்.

"அங்க ஆரு இருக்கா, உன்னையப் பாத்துக்க?" என்று கேட்டார்கள் ருக்குமணி.

"சின்னம்மா இருக்காங்கத்தே" என்றாள். சொல்லிவிட்டு, திறந்திருந்த கதவை அவளே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

தங்கவேலுவுக்கு என்ன புரிந்ததோ, கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ருக்குமணிக்கு முகம் வாடிவிட்டது. பாவம், அவர்களும் ஆசையாகத்தான் அறை ஒழித்து வைத்திருந்தார்கள். நான் இறங்கி, அடிக்கடி வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள், எனக்கும் பேறுகாலம் பார்த்துப் பழக்கமில்லை, நீங்கள் சொல்லித்தான் தரவேண்டும் என்றேன். உண்மையும் அதுதான். கொண்டு வந்த ஆரத்தியை அங்கேயே வண்டிக்குச் சுற்றி அனுப்பினார்கள்.

மருந்துப் பை ஈரோடு வரும்வரை என் மடியிலேயே இருந்தது.

செப்டம்பர் 6, சனி

நல்ல வெயில். மேற்கு அறைக்குத் திரைச்சீலை மாட்டினேன். தாரணி சந்தகை பிழிந்து தரச் சொல்லிக் கேட்டாள், தேங்காய்ப் பாலோடு. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டாள்.

பத்து மணிக்கு இவரோடு பஞ்சர் கடைக்குப் போனேன். ஆணி குத்தியிருந்தது. ஒட்டி முடித்துவிட்டுக் கடைக்காரர், பழைய டயரை அதன் இடத்திலேயே மாட்டிவிட்டு, இப்போது மாட்டியிருப்பதைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்றார்.

இவர் சக்கரத்தைப் பார்த்தார். காட்டு மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, அன்றைக்கு வைத்த சந்தனத்தின் தடமும் லேசாகத் தெரிந்தது.

"வேண்டாமுங்க. ஓடறது ஓடட்டும். இதைய ஸ்டெப்னியா உள்ள வெச்சிருங்க" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார், உப்பு எடுத்து வா என்பது போல. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது போல, என் பக்கம் திரும்பினார். நான் பழுப்புச் சட்டக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, காற்று சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கக் குனிந்தேன்.

சரியாகத்தான் இருந்தது. மத்தியானம் லேசாக மூடாக்கு. மழை இல்லை.